மேல் வரியில் பிறந்தவள்

டாரில் அமலநாதன் எங்கள் ஊரில்தான் பிறந்தார் என்று மூன்று ஊர்கள் அடித்துக்கொண்டன. மலர் எங்கள் ஊரில்தான் பிறந்தாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் பிறந்தது ஒரே நாளில், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். இதை நான் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

டாரிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன்பு, சாமான் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு தனியாளாகத் தென்துருவம்வரை நடந்தவர். போய்ச் சேர்ந்ததோடு நிறுத்தாமல் அந்தக் கண்டத்தின் மறு கரைவரை நடந்து தீர்த்தார். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் பனியோடு போயின. அந்த வருடம் ஜொகூரில் பிறந்த பிள்ளைகளில் முருகன் கோயிலில் மொட்டை போட்டவன்கூட டாரில் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

போன வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. அவர் பிறந்த ஊரில் ஒரு பயணக் காட்சியகமும் மலையேறும் பயிற்சிக்கூடமும் கட்டப்போகிறார்களாம். அவ்வளவுதான், வெடித்தது சண்டை.

ஜொகூர் பாருக்காரர்கள் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினார்கள். அதில் ஜொகூர் பாரு என்றுதான் இருந்தது. ஆனால் அது டாரிலுக்கு ஆறு வயதானபோது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அவசரமாகப் பதிந்த பத்திரம். அப்போது அவர் அப்பா அமலநாதன் அங்கே வேலை பார்த்தார், கேட்ட இடத்தில் அந்த ஊரையே எழுதிவிட்டார். தங்காக்காரர்கள் வேறு வாதம் வைத்தார்கள். டாரில் தலைப்பிள்ளை, அவர் அம்மா கெர்ட்ரூட் தங்காக் பெண், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கும், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்கள். கிறிஸ்தவ வேதக்காரர்கள், சைவக்காரர்கள் என்றில்லாமல் நம் ஆட்கள் எல்லாருக்கும் அந்த வழக்கம் உண்டு என்பதால் அது பலமான வாதமாகவும் இருந்தது. மூன்றாவது எங்கள் ஊர், சிம்பாங் ரெங்கம். அமலநாதன் குடும்பம் பக்கத்திலிருந்த புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிய குடும்பம், அதனால் பிள்ளை பிறந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் என்றார்கள்.

டாரிலையே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டார்கள். "நான் பொறந்தப்போ குறிப்பு எடுத்து வைக்கலங்க" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு நான்கு வயதாகும்போதே கெர்ட்ரூட் இறந்துவிட்டார். அதிகம் பேசாத அமலநாதனும் மகன் பேர் வாங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

இனி என் கதை. என்னிடம் இருப்பது பச்சை ஐசி, அதாவது அடையாள அட்டை. குடியுரிமை என்ற இடத்தில் 'பெலும் டிதெந்துகான்' என்று போட்டிருக்கும், இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று அர்த்தம். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளையை இன்னும் தீர்மானிக்கவில்லையாம். பாஸ்போர்ட் கிடையாது. ஜொகூர் பாருவில் என் தெருவே விடிகாலையில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும். நான் மட்டும் இந்தப் பக்கம் ஒரு டோபி கடையில் ஹோட்டல் போர்வைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணத்தைப் பதிய முடியாது என்று தெரிந்ததும் ஒரு மாப்பிள்ளை நழுவிப் போனார். அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை, போன காரணத்தில்தான் வருத்தம்.

எல்லாம் என் அம்மா காளியம்மா செய்த ஒரு தப்பால் வந்தது. தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் டிரெசர், அதாவது எங்களுக்கெல்லாம் டாக்டர் மாதிரி இருந்த மனிதர், ஒரு பெரிய புத்தகத்தில் எழுதினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டவர் பெரிய புத்தகத்தில் எழுதிவிட்டால் அரசாங்கத்தில் பதிந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அம்மா மட்டுமில்லை, அந்த லயத்து வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். லயத்தில் இருந்த மற்ற பிள்ளைகளின் பெயரைத் தோட்ட ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி பிறகு கேட்டு வாங்கிப் பதிவுக்குக் கொண்டுபோனார். எனக்குப் பெயர் வைக்கவே மூன்று மாதமாயிற்று. அதற்குள் கிராணி மாறிவிட்டார். அப்பாவும் எங்களை விட்டுப் போய்விட்டார். அம்மாவிடம் சிவப்பு ஐசி இருந்தது, நிரந்தரவாசி. நான் இந்த மண்ணில் பிறந்தேன் என்று மட்டும் நிரூபித்திருந்தால் அன்றே நான் குடிமகள்.

பதினெட்டு வயதில், 1997இல், முதல் தடவை விண்ணப்பித்தேன். அம்மா சத்தியப் பிரமாண ஆணையர் முன் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, அவர்கள் தட்டச்சு செய்ததன் கீழே கட்டைவிரல் ரேகை வைத்தார். பதிவு அலுவலகத்தில் கொடுத்ததற்கு முத்திரை போட்டு ஒரு நகல் தந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். தோட்டம் கைமாறி, ஆஸ்பத்திரியை இடித்து, செம்பனை நட்டாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவரைச் சாட்சிக்குக் கூட்டிவா என்றார்கள். அவர் செத்துப் பதினான்கு வருடம். கோப்பு திரும்பி வந்தது. அம்மா 2003இல் இறந்தார். இரண்டாவது தடவையும் திரும்பியது. மூன்றாவது தடவை விண்ணப்பித்ததற்கு இந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. முப்பது நாளுக்குள் புதிய ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதம் வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. டோபியில் என்னோடு வேலை செய்யும் லோஷினி கைப்பேசியை நீட்டினாள்.

"மலர்க்கா, இதப் பாருங்க. உங்க ஊர்க்காரங்க ஜெயிச்சிட்டாங்க லா! டாரில் பொறந்த புக்கு கிடைச்சிருச்சாம்."

பழைய காகிதம். மஞ்சள் மையால் ஒரு வரியைப் பளிச்சென்று காட்டியிருந்தார்கள். 17.5.79, ஆண் குழந்தை, தாய் கெர்ட்ரூட், கணவர் அமலநாதன். படத்தை அந்த வரியோடு வெட்டியிருந்தார்கள். ஆனால் வெட்டியவருக்குக் கை கொஞ்சம் கோணல். மேல் வரியின் அடிப்பாதி தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகளின் கால்கள்தான், தலைகள் இல்லை. இருந்தாலும் என் அம்மாவின் பெயரை எனக்குத் தெரியாதா?

"அலமாக்! அக்கா, இஸ்திரி, இஸ்திரி!" என்று லோஷினி கத்தினாள். ஒரு போர்வை கருகியது. கருகட்டும் என்றேன்.

படத்தைப் போட்டவர் திருச்செல்வம். சிம்பாங் ரெங்கத்தில் அச்சகம் வைத்திருப்பவர், ஊர்க்குழுவின் தலைவர். நம்பர் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். யாரென்று சொல்லி, அம்மாவின் சத்தியப் பத்திரம் என்னிடம் இருப்பதையும் சொல்லி, மேல் வரி முழுதாக வேண்டும் என்றேன்.

அவர் என் பெயரை இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "ஆமாம்மா, இருக்கு. காளியம்மா, பெண் குழந்தைன்னு இருக்கு" என்றார்.

நான் கெஞ்சினேன். "அண்ணே, அந்தப் புக்க எடுத்துக்கிட்டு ஒரு தடவ ஆபிஸுக்கு வாங்கண்ணே. எனக்கு இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு."

"இப்போ முடியாதும்மா. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு விசாரணை இருக்கு. மூணு ஊரும் வருது. அது முடியிற வரைக்கும் புக்கு பெட்டிய விட்டு வெளிய வராது. அதோட, ஐசி கேஸு ஒண்ணு இதுல இருக்குன்னு தெரிஞ்சா என்ன சொல்வாங்க? எவளுக்கோ ஐசி எடுக்கப் புக்க கள்ளமா செஞ்சிட்டாங்கன்னு சொல்வாங்க. ஊர் மானம் போயிரும். நீ வாயைத் திறக்காத, அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலை நரைத்தது. போனை வைத்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று, என் முப்பது நாளில் ஐந்து நாள்தான் மீதி. லார்க்கின் பஸ் நிலையத்தில் ஏறி, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கத்துக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போட்டு நாடா கட்டியிருந்தார்கள். பின்னால் மீகூனும் வடையும் தேநீரும். டாரில் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். துருவத்தில் எழுபது நாள் தனியாக இருந்த மனிதருக்கு இந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது கஷ்டமாக இருந்தது போல, நெளிந்துகொண்டே இருந்தார்.

மேடையில், காட்சியகம் கட்டுபவர்கள் நியமித்த மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. தலைவர் கமலநாதன், வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு பென்சிலோடு சத்தமில்லாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். ஜொகூர் பாருக்காரர்களின் பத்திரத்தை ஐந்தே நிமிடத்தில் ஓரமாக வைத்தார். பிறந்து ஆறு வருடம் கழித்து எழுதியது அப்பாவின் விலாசத்தைத்தான் காட்டும், பிறந்த இடத்தைக் காட்டாது என்றார். யாரோ ஓர் அப்பா வாய்க்கு வந்த ஊரை எழுதினால் பத்திரமாகிறது, என் அம்மா சத்தியம் செய்து சொன்னது ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வடையை இரண்டு கடியில் முடித்தேன்.

அடுத்து தங்காக். பேச வந்தவர் வசந்தன், அங்கே பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். கெர்ட்ரூட் அவருக்கு அத்தை. நல்ல பேச்சாளர். சேலையை விரித்துப் போடுகிற மாதிரி பேச்சை விரித்துப் போட்டார்.

"எங்க அத்தைக்கு இது தலைப்பிரசவம். ஒன்பதாம் மாசம் வளையல் போட்டு, தங்காக்குக்கு அழைச்சிட்டு வர்றதா முடிவு. கார் ஏற்பாடு செஞ்சாச்சு. பொண்ணத் தோட்டத்துல போட்டுட்டு சும்மா இருப்பாங்களா எங்க ஆளுங்க? எங்கப்பா சொல்லுவாரு, டாரில் பொறந்து வந்தப்போ ஒரு உள்ளங்கையில அடங்குவான், பஞ்சுல சுத்தி, விளக்குக்குக் கீழ வெச்சுக் காப்பாத்தினோம்னு. எங்க வீட்டு விளக்கு லா அது! அங்க பொறக்காமலா விளக்குக்குக் கீழ வந்தான்?"

கைதட்டல். வசந்தன் அதோடு விடவில்லை. திருச்செல்வம் கொண்டுவந்த புத்தகத்தைக் காட்டி, "இத்தன வருசமா இல்லாத புக்கு, காட்சியகம்னு சொன்னதும் வந்து குதிக்குது. அதுவும் யாரு கையில? அச்சகம் வெச்சிருக்கிறவரு கையில!" என்றார். மண்டபமே சிரித்தது. திருச்செல்வத்தின் முகம் கறுத்துவிட்டது. செத்துப்போன டிரெசரின் மகன் வீட்டில் கிடைத்தது என்றார், அந்த மகனும் எழுந்து ஆமாம் என்றார். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

கமலநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். "புத்தகம் உண்மையா இருக்கலாம். ஆனா இது ஒண்ணு மட்டும் போதாது. இதோட ஒத்துப்போற இன்னொரு ஆதாரம், இவரு பேர் வாங்குறதுக்கு முந்தி எழுதினது, இருக்கா?"

திருச்செல்வம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

அடப்பாவி மனுஷா என்று எனக்குள் ஏதோ பொங்கியது. என்னிடம் பத்திரம் இருப்பது தெரிந்தும், இல்லை என்கிறார். எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"இருக்கு!" என்றேன்.

வசந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, நீங்க யாரு?"

"அந்தப் புக்குல டாரிலுக்கு மேல் வரில இருக்கிறவ. எங்க ஊர் ஆளுங்க வெட்டிப் போட்ட வரி."

நடந்து மேடைக்குப் போனேன். கோப்பைப் பிரித்து, அம்மாவின் சத்தியப் பத்திரத்தை கமலநாதன் முன் வைத்தேன். அலுவலக முத்திரை, 1997 என்று தேதி, கீழே அம்மாவின் கட்டைவிரல் ரேகை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மலாய் எழுத்தைத் தமிழில் சொல்லி உரக்க வாசித்தார்.

"என் மகள் புக்கிட் செராயா தோட்டத்து ஆஸ்பத்திரியில் 1979 மே பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மரம் வெட்டப் போன பிறகு பிறந்தாள். பக்கத்துக் கட்டிலில் அமலநாதன் பெண்சாதி கெர்ட்ரூட் இருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டிலிருந்து அழைத்துப்போக வருவதாக இருந்தார்கள். சின்னப் பெண், அம்மா வேண்டும் என்று அழுதாள். நான் என் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் நிறுக்கிற நேரத்தில் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது."

முன்வரிசையில் டாரில் நெளிவதை நிறுத்திவிட்டார்.

வசந்தன் சமாளித்துக்கொண்டார். "ஐயா, ஒரு நிமிஷம். இந்த அக்காகிட்ட இந்தக் காகிதம் இருந்துச்சு. இதப் பார்த்துத்தான் திருச்செல்வம் அந்தப் பக்கத்தை எழுதியிருப்பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை!"

கூட்டம் முணுமுணுத்தது. திருச்செல்வம் என்னைப் பார்த்த பார்வையில், நான் அப்போதே சொன்னேனே என்று இருந்தது. நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"ஐயா," என்றேன் கமலநாதனிடம், "எங்கம்மா காகிதத்துல குழந்தையோட எடை இல்ல. படத்துலயும் எடை இல்ல, வெட்டிட்டாங்க. புக்குல இருக்கான்னு பாருங்க."

அவர் புத்தகத்தைத் திருப்பி விரலை ஓட்டினார். "இருக்கு. பெண் குழந்தை ஆறரை பவுண்டு. ஆண் குழந்தை நாலு பவுண்டு. பஞ்சில் சுற்றி, மதியம் தோட்டத்து லாரியில் குளுவாங் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியது என்று எழுதியிருக்கு."

நான் வசந்தன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, இப்போதான் நீங்க சொன்னீங்க. உள்ளங்கையில அடங்குவான், பஞ்சுல சுத்தி விளக்குக்குக் கீழ வெச்சோம்னு. ஒன்பது மாசம் முடிஞ்சு, காரு வெச்சு அழைச்சிட்டுப் போய்ப் பெத்த பிள்ளைய எதுக்குப் பஞ்சுல சுத்தினீங்க? உங்க வீட்டுக்குள்ள சொல்லிட்டிருந்த கதை, திருச்செல்வண்ணனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போன டிரெசருக்குத்தான் தெரியும், ஏன்னா முதல்ல சுத்தினது அவருதான், குளுவாங்குக்கு அப்புறம்தான் உங்க விளக்கு!"

வசந்தனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர் பொய்யர் இல்லை. மெதுவாக மைக்கை இறக்கினார். "எங்கப்பா இன்னொண்ணும் சொல்லுவாரு" என்றார். "அழைக்கப் போன காரு வெறுங்காரா திரும்பி வந்துச்சுன்னு. ஏன்னு நான் கேட்டதே இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கிளம்பிய கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். கமலநாதன் கையைத் தூக்கி அடக்கிவிட்டுச் சொன்னார்: "இதப் பொய்யா எழுதினவன் டாரில் பேர மட்டும்தான் எழுதியிருப்பான். நாப்பத்தாறு வருசமா யாரும் கண்டுக்காத ஒரு குழந்தைய மேல எழுதி வைக்க எவனுக்கும் அவசியமில்ல. இந்த ரெண்டு வரியும் ஒண்ண ஒண்ணு தாங்குது. நின்னா ரெண்டும் நிக்கும். டாரில் அமலநாதன் புக்கிட் செராயா தோட்டத்துல பிறந்தார்னு எங்க குழு முடிவு செய்யுது." பிறகு என்னைப் பார்த்து, "மலரும்தான்" என்றார்.

மலரும்தான். ஆயிரம் பேர் முன்னால் ஒரு மனிதர் நான் பிறந்ததாகச் சொன்னார். மேடையிலேயே எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ள நான் முயற்சி செய்யவுமில்லை.

திருச்செல்வம் மாலையோடு ஓடிவந்தார். "தங்கச்சி, ஊர் மானத்தக் காப்பாத்திட்ட! அந்தச் சத்தியப் பத்திரத்தக் காட்சியகத்துல கண்ணாடிக்குள்ள வைக்கணும், குடும்மா."

"வைக்கலாம்ணே" என்றேன். "அதுக்கு முந்தி நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு, புக்கும் நீங்களும் டிரெசர் மகனும் ஆபிஸ் வாசல்ல நிக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னீங்கன்னா, நான் பத்திரத்தக் கிழிச்சிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

கிழிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அது போதும்.

டாரில் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். "அக்கா," என்றார், "அந்தக் காகிதத்துல எங்கம்மா அழுதாங்கன்னு ஒரு இடம் வருதே. உங்கம்மா கையப் பிடிச்சாங்கன்னு. அது எனக்கு ஒரு காப்பி வேணும். எங்கம்மாவப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்ல." கண் கலங்கியிருந்தது. துருவத்தில் அழாத ஆள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், பேப்பர்காரர்களுக்கு என்ன தெரியும்.

"தர்றேன் தம்பி. நீங்களும் நாளைக்கு வாங்க" என்றேன்.

"நான் வந்து என்ன சாட்சி சொல்றது? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லயே."

"சும்மா வந்து நில்லுங்க. உங்க மூஞ்சிய எல்லாருக்கும் தெரியும், என் மூஞ்சிய யாருக்கும் தெரியாது."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். திருச்செல்வம் எட்டு மணிக்குச் சொன்னால் ஏழரைக்கே, புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் போல வந்து நின்றார். ஆச்சரியம், வசந்தனும் தங்காக்கிலிருந்து காரில் வந்திருந்தார். தோற்றுப்போனவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்க அத்தை கையப் பிடிச்சவங்க மகள் லா நீங்க" என்றார். அவரும் ஒரு சத்தியப் பத்திரம் எழுதினார், அவருடைய அப்பா சொன்ன கதையை அப்படியே. டிரெசரின் மகன் அப்பாவின் கையெழுத்தை அடையாளம் காட்டினார். விசாரணைக் குழுவின் முடிவையும் சேர்த்து, முப்பது நாளில் நான்கு நாள் மீதியிருக்கும்போது, என் கோப்பு உள்ளே போனது. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் வேலை நடந்ததோ இல்லையோ, டாரிலோடு படம் எடுத்துக்கொள்ளும் வேலை நன்றாக நடந்தது.

பிறகு காத்திருந்தேன். ஏழு மாதம். போர்வைகளை இஸ்திரி போட்டேன், கருக்கவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். என்னையும் கூப்பிட்டு டாரில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கல்லில் என்ன எழுதியிருந்தாலும் என் பைக்குள் இருந்தது பச்சை அட்டைதான். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போனேன். நம்பர் வாங்கி, முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண் அதிகாரி. அவள் ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி, சரிபார்க்கச் சொன்னாள்.

பிறப்புப் பத்திரம். குழந்தையின் பெயர் மலர். தாய் காளியம்மா. பிறந்த தேதி 17 மே 1979. பிறந்த இடம் தோட்ட ஆஸ்பத்திரி, புக்கிட் செராயா, சிம்பாங் ரெங்கம், ஜொகூர். கடைசியில் வார்கநெகாரா என்று இருந்தது. குடிமகள். மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கக் கண் தெரியவில்லை.

"எல்லாம் சரியா, காக்?" என்று என்னை அக்காவாக்கி மலாயில் கேட்டாள் அந்தப் பெண்.

சரிதான் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பின்னால் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கிடைச்சிருச்சு!" என்று திரும்பி அவர்களிடம் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். யாரென்றே தெரியாத ஒரு சீனக் கிழவர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். யாரோ தஹ்னியா, வாழ்த்துகள் என்று கத்தினார்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். அம்மா, நீ வெச்ச ரேகை வேலை செஞ்சிருச்சும்மா என்று வாய்விட்டே சொன்னேன்.

மேலே பலகையில் அடுத்த நம்பர் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இந்தக் கண்ணாடிக்கு முன்னால் இருபத்தெட்டு வருடமாக, சீக்கிரம் எழுந்து போ என்று சொல்லப்பட்டவளாகவே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம், ஒரு நிமிடம் மட்டும் இங்கே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இருங்க காக்" என்றாள். "இது உங்க ஊர்தானே."